வழிமேல் கட்டிய கல்லூரி

என் கணவர் காளிதாஸ் பொய் சொல்ல மாட்டார். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்ல மாட்டார். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பார், அவ்வளவுதான். சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது என்பது அவருடைய கட்சி. நான் எந்தக் கட்சி என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் இருவரும் கட்டடக்கலை படித்தவர்கள். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. இராமநாதபுரம் கேணிக்கரையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். படம் வரைவது நான். ஆள் பிடிப்பது, அனுமதி வாங்குவது, மேஸ்திரியைச் சமாளிப்பது, கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளரை டீ வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வருவது எல்லாம் அவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கும் வாய் உண்டு, ஆனால் அது திட்டுவதற்கு மட்டும்தான் உதவும்.

மண்டபம் முதல் பரமக்குடி வரைக்கும் நான் வரைந்த வீடுகள் நிற்கின்றன. கார் நிறுத்த இடம், ஈசானிய மூலையில் பூஜை அறை, முகப்பில் சிங்கப்பூரில் யாரோ பார்த்துவிட்டு வந்த தூண். ஒரு சுவரை வளைவாக வரைந்து காட்டினால், "பீரோவை எங்கிட்டு வைக்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வரும்.

அப்படி இருக்கும்போதுதான் தாளாளர் முத்துகிருஷ்ணன் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். ஏற்கெனவே ஒரு பாலிடெக்னிக், ஒரு பி.எட். கல்லூரி நடத்துகிறவர். இப்போது கட்டடக்கலைக் கல்லூரி ஒன்று தொடங்க வேண்டும். பெரியபட்டினத்தைத் தாண்டி, நொச்சிவலசை என்ற மீனவ ஊருக்கும் கடலுக்கும் நடுவில் இடம் வாங்கிப் போட்டிருந்தார். செல்போனை எங்கள் முகத்துக்கு நேராக நீட்டி, ஏதேதோ தேசத்துக் கட்டடங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"நேர்கோடே இருக்கக் கூடாதும்மா. எல்லாம் ஆர்கானிக்கா, தானா மொளைச்சு வந்த மாதிரி இருக்கணும். ஐம்பது வருசம் கழிச்சு வரப்போற கட்டடத்தை நம்ம இப்பவே கட்டிப்புடணும்."

பின்னால் எங்கள் கான்ட்ராக்டர் அதைக் கேள்விப்பட்டு, "ஆர்கானிக்னா மருந்தடிக்காத கட்டடமா மேடம்?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் தாளாளர் அதைச் சொன்ன அன்று எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. இதற்காகத்தானே படித்தேன். தாளாளர் காளிதாஸுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கிப் போய், ஒரு கட்டு வரைபடத்தாள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாங்கி வந்த தாள் அப்படியே கிடந்தது. நான் வரைந்ததெல்லாம் தாளாளருடைய செல்போனில் பார்த்தவற்றின் ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். கடைசியில் வெறுத்துப்போய், இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

வலசையிலிருந்து அந்த நிலத்தின் நடுவே, உடைமரங்களுக்கு இடையில், மணலில் ஒரு ஒற்றையடிப் பாதை கடலுக்குப் போயிற்று. எத்தனை தலைமுறைக் கால்கள் நடந்ததோ, நடுவில் அழுந்தி வெள்ளையாகக் கிடந்தது. நான் போன நேரம் பெண்கள் சாரி சாரியாகக் கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கைவிரல்களில் சுற்றிய துணி, தலையில் சொட்டும் சாக்கு. கடல் வத்தும் நேரம் பார்த்துப் போய், மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறித்து வந்து காயவைத்து விற்கிறவர்கள். அதுதான் அந்த ஊர்ப் பெண்களின் பிழைப்பு.

முன்னால் வந்தவர் சாக்கை இறக்காமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர்தான் ராக்கு.

"நீங்கதேன் காலேசு கட்டப் போறீகளா?"

"ஆமாக்கா."

"கட்டுங்க. நல்லாக் கட்டுங்க. நாங்க எங்கிட்டு நடக்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் என் கல்லூரி பிறந்தது. பாதையை ஒதுக்கிவிட்டுக் கட்டடத்தை வரையக் கூடாது, பாதையின் மேலேயே வரைய வேண்டும் என்று தோன்றியது. ராக்கு அக்காவிடம் ஒரு கிழிந்த வலையைக் கேட்டு வாங்கி வந்தேன். மொட்டைமாடியில் குச்சிகள் நட்டு, வலைத்துண்டுகளை அவற்றில் தொங்கவிட்டு, பிளாஸ்டர் கரைசலை ஊற்றிக் காயவைத்தேன். தொங்கும் வலை தன் பாரத்துக்கு ஏற்றபடி தானே ஒரு வளைவை எடுத்துக்கொள்ளும். இறுகிய பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால், தொங்கியது நிற்கும். தூண் வேண்டாம், உத்திரம் வேண்டாம். நண்டு ஓடு போல மெல்லிய கான்கிரீட்டில் அப்படியே கட்டிவிடலாம்.

ஒவ்வொரு ஓடும் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் ஊன்றி நின்றது. வகுப்பறைகள் மேலே தொங்கு தளத்தில். கீழே பாதை திறந்து கிடக்கும். அதே வழியாகக் கச்சான் காற்று கடலிலிருந்து உள்ளே வந்து அறைகளைக் குளிர்விக்கும். பாசி எடுத்துவிட்டு வரும் பெண்கள் கல்லூரிக்கு நடுவே நடந்து போவார்கள். படிக்கிற பிள்ளைகள் அந்த வழியோரம் உட்கார்ந்து வரைவார்கள். கட்டடம் யாருக்கு என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கவே தேவையில்லை என்று நினைத்தேன்.

காளிதாஸ் மாடிக்கு வந்து பார்த்தார். குனிந்து, கண்ணை மாடலின் தரையோடு வைத்து, கீழே ஓடும் வழியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோகிலா, இந்த வழிதான் எல்லாத்தையும் தூக்கி நிறுத்துது," என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

மாடலைத் தாளாளர் வீட்டுக்குத் தூக்கிப் போனோம். அவருக்கும் பிடித்துப்போயிற்று. மாடலைச் சுற்றிச் சுற்றி வந்து, "விண்கலம் வந்து எறங்குன மாதிரி இருக்கும்மா," என்றார். அதற்கப்புறம் அவரும் காளிதாஸும் உள்ளறையில் பேசினார்கள். பேச்சு எப்போதும் அவருடைய இலாகா. நான் வராந்தாவில் உட்கார்ந்து அவர்கள் வீட்டு நாயோடு விளையாடிக்கொண்டிருந்தேன்.

ஊராட்சியில் தீர்மானம் போட ஊர்க்காரர்களின் சம்மதம் வேண்டியிருந்தது. வலசையில், மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. ஆண்கள் வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். பெண்களுக்கு ஒரே கேள்விதான். பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் காளிதாஸ், "கோகிலாவே பேசட்டும். வரைஞ்சது அவதான்," என்று பின்னால் நகர்ந்துகொண்டார். மேடை என்றால் முண்டியடித்து ஏறுகிற மனிதர் எனக்கு இடம் விட்டாரே என்று பெருமையாக இருந்தது.

மாடலைத் தரையில் வைத்தேன். என் விரலை ஊர்ப்பக்கம் நுழைத்துக் கடல்பக்கம் எடுத்துக் காட்டினேன். "இதுதான் உங்க வழி. இதை யாரும் அடைக்க மாட்டாக. நான் சொல்றேன்," என்றேன்.

ராக்கு அக்கா எழுந்தார். "அப்பச் சரி. ரெண்டு பேரும் எங்க வீட்டுல கை நனைச்சுட்டுப் போங்க."

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பேச்சு முடியாத வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது காளிதாஸின் வீட்டார் காபித் தம்ளரைக்கூடத் தொடாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள். நாள் குறித்த பிறகுதான் இலை போட்டது. கை நனைத்துவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று பொருள். அதற்கப்புறம் பின்வாங்குகிறவனை மனிதனில் சேர்க்க மாட்டார்கள்.

ராக்கு அக்கா வீட்டில் ஊளி மீன் குழம்பும் கணவாய் வறுவலும். பாய் விரித்து இரண்டு தட்டு வைத்தார். காளிதாஸ் கதவருகே நின்றுகொண்டு, "இன்னைக்கு விரதம்க்கா. தப்பா நெனைக்காதீக," என்றார்.

"அப்ப மோருச்சோறு போடவா?"

"இல்லக்கா, பச்சைத் தண்ணிகூடக் கிடையாது."

எனக்குத் தெரியாத விரதம். பேசாமல் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சாப்பிட்டேன். குழம்பு அவ்வளவு ருசி. ஊர்ப் பெண்கள் வாசலில் நின்று, நான் பிசைந்து உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் திருப்புல்லாணிக்கு ரோடு பிரியும் விலக்கில் வண்டியை நிறுத்தி, இந்த விரதக்காரர் இரண்டு முட்டை பரோட்டா சாப்பிட்டார். எனக்கு வந்ததே கோபம். "கடக்கரை வீட்டுல சாப்புட உங்களுக்கு எளப்பமா இருக்கோ? அவுக கை சுத்தமில்லையோ?" என்று வீடு வரைக்கும் கத்தினேன். அவருடைய அப்பாவை இழுத்தேன், அம்மாவை இழுத்தேன். ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாமல் வண்டியை ஓட்டினார். குற்றம் செய்தவன் வாயடைத்து இருக்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். குற்றம் எது என்பதில்தான் தவறிவிட்டேன்.

வேலை தொடங்கியது. பெரியபட்டினத்துக்காரர் அம்மார் என்பவர்தான் சைட் சூப்பர்வைசர். பொறுமைசாலி. வளைந்த கம்பிகளை என்னோடு சேர்ந்து திட்டிக்கொண்டே கட்டி முடித்தார். முதல் ஓட்டுக்கு சென்ட்ரிங் பிரித்த அன்று, அடியில் நின்ற முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார்கள். கடைசி முட்டும் விழுந்தது. ஓடு தானே நின்றது. அம்மார் "அல்ஹம்துலில்லாஹ்" என்று உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். அப்போது பாதையில் வந்த ராக்கு அக்காவும் மற்றவர்களும் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி கை தட்டினாள், சத்தம் வளைவுக்குள் உருண்டு திரும்பி வந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டே கைதட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மற்ற ஓடுகளும் எழுந்தன. கண்ணாடி வேலைக்காக நான் சென்னைக்குப் போய், கண்ணாடித் தொழிற்சாலையிலேயே சில வாரம் தங்க வேண்டியிருந்தது. தினமும் காளிதாஸ் போன் செய்வார். சைட்டில் எல்லாம் நன்றாகப் போகிறது என்பார். அதுவும் பொய்யில்லை.

திரும்பி வந்த அன்றே சைட்டுக்குப் போனேன். தூரத்திலிருந்து என் ஓடுகள் தெரியவேண்டிய இடத்தில் அவற்றின் முதுகு மட்டும் தெரிந்தது. முன்னால் சிமெண்டுப் பலகை அடுக்கிய மதில், இரண்டு ஆள் உயரம், மேலே முள்கம்பி. ஊர்ப்பக்கம் முழுக்க. உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தேன். கடல்பக்கமும் அதே மதில். நடுவே என் வழி, வாயும் வாலும் அடைபட்டுக் கிடந்தது.

"அம்மார், என்ன இது? யார் சொல்லிக் கட்டுனீக?"

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "சார்தான் மேடம் நின்னு லைன் குடுத்தாரு. ஆரம்பத்துலயே ஆர்டர் போட்ட பலகைதான், லேட்டா வந்துச்சு. வல்லாஹி, சத்தியமா உங்களுக்குத் தெரியும்னே நெனச்சேன்."

மதிலுக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். பாசி எடுக்கிற பெண்கள் காலிச் சாக்குகளோடு நின்றார்கள். மெயின் ரோடு சுற்றிக் கடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கடல் வத்தும் நேரம் பாதி முடிந்துவிடுகிறது. போன வாரம் முழுக்க அரைச் சாக்குகூடத் தேறவில்லை. சிலர் போவதையே விட்டுவிட்டார்கள்.

ராக்கு அக்கா என்னைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வா தாயி. ஒன் காலேசு நல்லா இருக்கு. ஏறிக் குதிக்க ஏணி ஒண்ணு வரைஞ்சு குடேன்."

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் ஊர்லயே இல்ல. இப்பத்தான் பாக்குறேன். அவர்ட்ட கேக்குறேன், ஏதோ தப்பு நடந்திருக்கு..."

"என்ன தப்பு? ஒன் புருசனுக்கு அன்னைக்கே தெரியும். இல்லாட்டி எதுக்கு அந்த மனுசன் எங்க வீட்டுல கை நனைக்காமப் போகுது? விரதம்னாரு. விலக்குல பரோட்டாக் கடை போட்டிருக்கிறது என் கொழுந்தன் மகன்தேன். மறுநாளே வந்து சொன்னான். நாங்க என்னமோ எங்க வீட்டுச் சோறு எறங்கலையாக்கும்னு நெனச்சுக்கிட்டோம். இந்த மதிலு வந்தப்பறம்ல வெளங்குது. எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூட வெளங்கிருச்சு. கூடப் படுத்து எந்திரிக்கிற ஒனக்கு வெளங்கலையா?"

எனக்கு விளங்கிவிட்டது. அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே விளங்கிவிட்டது. கதவருகே நின்ற மனிதர், பச்சைத் தண்ணீரும் வேண்டாம் என்ற மனிதர், வீடு வரைக்கும் நான் போட்ட பழியை எல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்ட மனிதர். பெரிய களவு வெளியே வராமல் இருக்கச் சின்னக் களவை ஒத்துக்கொண்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் மறைத்த சோற்றை என்னைத் தின்ன வைத்தார்.

அலுவலகத்துக்குப் போனபோது மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"மதில் எப்ப முடிவாச்சு?"

கேட்டால் சொல்லிவிடுவார். அதுதான் அவர்.

"மொத நாளே. தாளாளர் இங்கன வந்தாருல்ல, நீ தாள் வாங்கக் கீழ போனீல்ல, அப்ப. ஊர்ச்சனம் உள்ளுக்க நடமாடக் கூடாது, சுத்தி மதில் வேணும்னாரு. அது ஒண்ணுதான் அவரு போட்ட கண்டிசன். சரின்னுட்டேன்."

"அப்ப நான் வரையறதுக்கு முந்தியே."

"ஆமா."

"வழியை வரைஞ்சு மாடியில வச்சேன். குனிஞ்சு குனிஞ்சு பாத்தீக. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ அழிச்சிருப்ப." கையை விரித்தார். "யோசிச்சுப் பாரு கோகிலா. ஒண்ணும் வராம எத்தனை தாளைக் கிழிச்ச? அந்த வழியைப் பாத்தப்பறம்தான் ஒனக்கு வளைவு வந்துச்சு. வழி இருக்குன்னு நம்புனாத்தான் ஒனக்கு வரும். அதை நான் எப்படிக் கெடுப்பேன்? இப்ப கட்டடம் நிக்குதுல்ல? நீ கேட்டதும் அதானே?"

கம்பி, ஜல்லி, சிமெண்டோடு என் நம்பிக்கையையும் ஒரு பங்கு போட்டுக் கலந்திருக்கிறார். கலவை கெட்டிப்பட்டதும் தேவை முடிந்துவிட்டது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இந்த மனிதருக்கு என்னைப்பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது, எனக்கு அவரைப்பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"ராக்கக்கா வீட்டுல ஏன் சாப்புடல?"

ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"தெரிஞ்சுக்கிட்டே அந்தச் சோத்துல கை வச்சா வெளங்குமா?"

"நான் வச்சேனே."

"நீ தெரியாம வச்ச. தெரியாம வச்சாப் பாவம் ஒட்டாது. அதுக்காகவும்தான் ஒங்கிட்டச் சொல்லல."

இதை அவர் சமாளிப்புக்காகச் சொல்லவில்லை. அன்போடு சொன்னார். என்னைப் பாவத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக அவர் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பவர்களைப்பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அறுத்த கையோடு கழுத்துக்கு மஞ்சள் தடவிவிடுகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

"நாளைக்கு என்கூட வலசைக்கு வாங்க. எனக்கு மொதல்லயே தெரியும், இவளுக்குத் தெரியாதுன்னு அந்தச் சனத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதச் சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது? பிரச்சினைதான் பெருசாகும். கொஞ்ச நாள் விடு. சனங்க ரோட்டுல போய்ப் பழகிருவாக."

என் துணிமணிகளை எடுத்துக்கொண்டு திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கிருந்து தாளாளருக்குப் போன் செய்தேன். மதிலில் இரண்டு வாசலாவது விடச் சொல்லிக் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "பொம்பளப் புள்ளைக தங்கிப் படிக்கப் போற எடம்மா. கண்டவுகளும் உள்ளுக்க வந்து போக முடியுமா? ஒங்க வீட்டுக்காரருகிட்ட அன்னைக்கே சொல்லி, அவரு ஒத்துக்கிட்டுத்தானே வேலையே குடுத்தேன்," என்றார். பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலசைக்குப் போனேன். மதிலைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. ராக்கு அக்கா வீட்டு முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள். மறுநாள் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். கம்ப்யூட்டர் சென்டரில் அடித்து வாங்கி வந்த தாள் ராக்கு அக்கா கையில் இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

ராக்கு அக்கா தாளை நீட்டினார். "நீதேன் படிச்சவ. வாசி. அந்தப் பய சரியா எழுதிருக்கானான்னு பாப்பம்."

நின்றுகொண்டே வாசித்தேன். ஊர் பெயர், பாதை எவ்வளவு காலமாக இருக்கிறது என்ற விவரம். அதற்கடுத்து: "மேற்படி கல்லூரியைக் கட்டிய கோகிலா என்பவர் எங்கள் ஊர்க்கூட்டத்தில் வழியை அடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, எங்கள் வீட்டிலேயே உணவருந்திவிட்டு, அதன் பின் எங்களை ஏமாற்றி, எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்." என் பெயர் முதலில், தாளாளர் பெயர் அடுத்து. நடவடிக்கை எடுக்கக் கோரும் இடத்திலும் அதே வரிசை.

தாளைக் கீழே இறக்கினேன். "அக்கா, அவர்ட்ட கேட்டேன். ஒத்துக்கிட்டாரு. மொத நாள்லயே அவருக்குத் தெரியுமாம். எங்கிட்ட மறைச்சுட்டாரு. என் பேரு இருக்கட்டும், நான் வேண்டாங்கல. அவர் பேரையும் போடச் சொல்லுங்கக்கா."

ராக்கு அக்கா யோசித்தார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் யோசித்தார் என்று நினைக்கிறேன்.

"அவரு எங்ககிட்ட என்ன சொன்னாரு தாயி? ஒண்ணுஞ் சொல்லலையே. கூட்டத்துல வாயத் தொறந்தது நீ. வெரல விட்டுக் காட்டுனது நீ. அவரு மேல என்னன்னு எழுதச் சொல்ற?"

தேடித் தேடிப் பார்த்தேன். எழுதுவதற்கு ஒரு வரிகூட இல்லாதபடிதான் அவர் எல்லாவற்றையும் செய்திருந்தார். நான் இருக்கும்போது அவர் பெயர் எதற்கு?

"எழுதுனது சரியா இருக்கா?"

"சரியா இருக்குக்கா."

தாளை வாங்கி மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தார். கூட்டத்தில் ஒருத்தி, "படம் வரைஞ்சப்ப வழி இருந்துச்சுன்னு இவுக அங்கன வந்து சொன்னா நமக்கு நல்லதுதானே?" என்றாள். இன்னொருத்தி, "அதுக்கும் தலைய ஆட்டிட்டுப் போய்ருவாக," என்றாள்.

ராக்கு அக்கா என்னைப் பார்த்தார். "காலையில மொத பஸ்சுல போறோம். மாடல்னு ஒண்ணு வச்சிருந்தீல்ல, அதத் தூக்கிட்டு வாரியா?"

வாரேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஊரில் என் வார்த்தைக்கு இனி என்ன மதிப்பு என்று நினைத்துக்கொண்டு, பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். கேணிக்கரைக்குப் போய், காளிதாஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மறுநாள் காலை அவர்கள் வருவதற்கு முன்பே, மாடலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வலசை பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன்.